எழுத்துப்பிழை – 9: குணமானவர்களின் கல்யாணம்

போன வாரம் இருவரை ஓர் அறைக்குள் உட்கார வைத்துவிட்டுத் 'தொடரும்' போட்டுவிட்டேன். பஹ்ரைன். ஈசா டவுன் சுகாதார நிலையம். நிக்காஹ் நாள் குறித்தாகிவிட்ட ஒரு பையன், ஒரு பெண். எதிரே டாக்டரம்மா. அவர் கையில் இரண்டு தாள்கள்.

ஏழு நாளாகப் பாவம், அங்கேயே காத்திருக்கிறார்கள். உள்ளே போவோம்.

பெயர் கேட்காதீர்கள். இவர்கள் ஒரு ஜோடி இல்லை, ஓராயிரம் ஜோடி. 2004-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு பஹ்ரைனில் கல்யாணம் என்றால் இருவரும் ரத்தம் கொடுக்க வேண்டும், முடிவைக் கேட்க வேண்டும், சான்றிதழ் வாங்க வேண்டும். முஹர்ரக்காரர் முஹர்ரக்கில், ஈசா டவுன்காரர் ஈசா டவுனில். அறை மாறும். நாற்காலி மாறும். டாக்டரம்மா சொல்லப்போகிற விஷயம் மாறாது. பல அறைகளில் நடந்ததை ஒரே அறையில் கூட்டிவைத்துச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

டாக்டரம்மா தாள்களை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

இரண்டிலும் ஒரே எழுத்து.

எஸ்.

'எஸ்' என்றால் என்ன என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தீவில் அதற்கு ஒரு செல்லப்பெயரே உண்டு. சிக்லர். ஆங்கிலச் சொல்லை அரபு நாக்கு தனதாக்கிக்கொண்ட வார்த்தை. வகுப்பில் பக்கத்துப் பெஞ்சில் ஒரு சிக்லர் இருந்திருப்பாள். குளிர்காலம் வந்தால் பாதி நாள் பள்ளிக்கு வரமாட்டாள். கொஞ்சம் தண்ணீர் குறைந்தால் போதும், கொஞ்சம் குளிர் பட்டால் போதும், ரத்த அணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து நாளங்களில் சிக்கிக்கொள்ளும். எலும்புக்குள் யாரோ ஆணி அடிப்பதுபோல வலிக்கும். சல்மானியா ஆஸ்பத்திரியில் மார்ஃபின் ஏற்றுவார்கள். வலி போகும். மறுபடி வரும்.

முன்னூறு கோடி எழுத்தில் ஓர் எழுத்து மாறிப்போனதன் விலை இது. நான்காம் அத்தியாயத்திலேயே பார்த்துவிட்டோம். மலேரியாக் கொசுவிடமிருந்து உயிரைக் காப்பாற்றிக்கொள்ள மனித ரத்தம் செய்துகொண்ட ஏற்பாடு. ஒரு பிழை இருந்தால் கவசம். இரண்டு சேர்ந்தால் நோய். பேரீச்சந்தோப்பும் ஊற்றுத் தண்ணீருமாக இருந்த பஹ்ரைனில் கொசுவுக்கா பஞ்சம்? கொசு போய்விட்டது. கவசம் மட்டும் ரத்தத்தில் தங்கிவிட்டது.

இருவருக்கும் நோய் இல்லை. இருவரும் ஒரு பிழையைச் சுமக்கிறார்கள். அவ்வளவே.

"ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு" என்றார் டாக்டரம்மா.

பையன் உடனே கணக்குப் போட்டான். "அப்படியானால் மூன்று பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டால்?"

டாக்டரம்மா தலையசைத்தார். இந்தக் கேள்வி அவருக்குப் புதிதில்லை. சீட்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் குலுக்கப்படும். முதல் பிள்ளைக்கே வரலாம். நாலுக்கும் வரலாம். ஒன்றுக்குமே வராமலும் போகலாம். குலுக்குகிறவனுக்குப் பழைய சீட்டு ஞாபகம் இருக்காது.

அறையில் மௌனம்.

இந்த மௌனத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இருவர் மனசுக்குள்ளும் என்ன ஓடியிருக்கும்?

பையன் யோசிப்பது அப்பாவை. பெண், பெரியப்பா மகள். அரபு வழக்கத்தில் அதுதான் முதல் உரிமை. (நமக்குக் கேட்கவே ஒருமாதிரி இருக்கிறது இல்லையா? நம் கணக்கில் பெரியப்பா மகள் அக்கா, தங்கை. அவர்களிடம் போய் மாமன் மகளைக் கட்டுவோம் என்று சொன்னால் தோளைக் குலுக்குவார்கள். மரபணுவுக்கோ இரண்டும் ஒன்றுதான்.) இந்தக் கல்யாணத்தை மறுத்தால் இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள சுவர் இன்னும் ஓர் ஆள் உயரம் ஏறும்.

பெண் யோசிப்பது வேறு. இந்த அறையிலிருந்து கல்யாணம் நின்றுபோனது என்று வெளியே வந்தால், அடுத்து பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான். அவனிடமும் அதே தாள் இருக்கிறது. அவனை யாரும் அவ்வளவு கேட்கமாட்டார்கள்.

"நாங்கள் கல்யாணம் செய்யக் கூடாதா?" அவள்தான் கேட்டாள்.

இந்த இடம்தான்.

டாக்டரம்மாவுக்கு ஒரே ஒரு வார்த்தை போதும். "கூடாது." நாட்டில் பிறக்கும் நோய்க் குழந்தைகளின் எண்ணிக்கை மறுவருடமே சரிந்துவிடும். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லும் அதிகாரத்தைச் சட்டம் அவருக்குக் கொடுக்கவில்லை. பரிசோதனை கட்டாயம். கேட்டுக்கொள்வது கட்டாயம். முடிவு? அது அந்த இருவருடையது. அரசாங்கம் உங்கள் ரத்தத்தைப் படித்துக் காட்டும். நீங்கள் யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்லாது.

"அது உங்கள் விருப்பம்" என்றார் டாக்டரம்மா.

சிலர் பிரிந்தார்கள். சிலர் கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே கல்யாண மண்டபம் பார்க்கப் போனார்கள். நம் ஜோடி என்ன செய்தது? பொறுங்கள். அதற்கு முன் இந்த அறையைக் கட்டியது யார் என்று தெரிய வேண்டும்.

ஷேக்கா அல் அரய்யத். மரபணு மருத்துவர். சல்மானியாவில் இருந்தவர். 1984, 85-ல் பிறந்த குழந்தைகளின் ரத்தத்தைப் பார்த்தபோது நூற்றுக்கு 2.1 பேருக்கு நோய். ஐம்பது தொட்டில் ஆடினால் ஒரு தொட்டிலில் சிக்லர். கல்யாணத்துக்கு முந்தைய ஆலோசனையை அப்போதே ஆரம்பித்தார்கள். விரும்பினால் வரலாம். 1993-ல் எல்லாச் சுகாதார நிலையங்களுக்கும் கொண்டுபோனார்கள். ஆனாலும் ஒரு தலைவலி தீரவில்லை.

வருகிறவர்கள் தாமதமாக வந்தார்கள்.

பத்திரிகை அடித்து, மஹர் பேசி, அத்தை துபாயிலிருந்து டிக்கெட் போட்ட பிறகு ரத்தப் பரிசோதனைக்கு வந்தால் யார் பின்வாங்குவார்கள்? மனசு ஒட்டிய பிறகு அறிவுரை ஒட்டாது. அல் அரய்யத் யோசித்தார். காதலுக்கு முன்னால் எங்கே போய்ப் பிடிப்பது?

பள்ளிக்கூடத்தில்.

பதினோராம் வகுப்பு. ஒரே வருடத்தில் 5,685 மாணவர்கள் கை நீட்டினார்கள். ரத்தம் எடுத்து, ஒவ்வொருவருக்கும் முடிவு எழுதிய அட்டை கொடுத்தார்கள். மாணவர்களில் 13.8 சதவீதம் பேர் சுமப்பவர்கள். ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். ஒரு வகுப்பறையில் நாலைந்து பேர். பதினேழு வயதில், மீசை அரும்பும் நேரத்தில், சட்டைப்பையில் ஓர் அட்டை. நீ யாரைக் கட்டிக்கொண்டால் உன் பிள்ளைக்கு வலிக்கும் என்று சொல்லும் அட்டை.

அதற்கப்புறம்தான் 2004-ன் சட்டம்.

பலன்? 1985-ல் நூற்றுக்கு 2.1 இருந்த எண் 2002-ல் 0.9. 2010-ல் 0.4. மருத்துவ வரலாற்றில் இதற்குக் கைதட்டல் உண்டு. தட்ட வேண்டியதுதான்.

ஆனால் அந்த எண் இறங்க இறங்க, ஏற்கெனவே பிறந்துவிட்டவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? 'எங்களைப்போல இன்னொருவர் பிறக்கக் கூடாது என்பதுதான் இந்த நாட்டின் வெற்றி.' சல்மானியாவின் கட்டிலில் படுத்துக்கொண்டு இந்தப் புள்ளிவிவரத்தைப் பேப்பரில் படிப்பது சுகமாக இருந்திருக்காது. அட்டை, பிறக்காதவர்களைக் காப்பாற்றியது. பிறந்தவர்களுக்கு அது ஒன்றும் செய்யவில்லை.

நம் ஜோடிக்கு வருவோம். அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். கல்யாணம் நடந்தது. முதல் பிள்ளை ஆண். எட்டு மாதத்தில் கையும் காலும் வீங்கி வீறிட்டு அழுதான்.

சீட்டு முதல் குலுக்கலிலேயே விழுந்துவிட்டது.

எட்டு மாதம் என்று சொன்னதைக் கவனித்தீர்களா? ஏன் பிறந்த அன்றே அழவில்லை?

இந்தக் கேள்வியைத்தான் 1948-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஜேனட் வாட்சன் என்ற மருத்துவர் கேட்டார். பிறந்த குழந்தைகளுக்கு அரிவாள் நோய் தலைகாட்டுவதில்லை. ஏனென்றால் வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்கு வேறு ஹீமோகுளோபின். கருக்கால ஹீமோகுளோபின். பிறந்து சில மாதங்களில் உடம்பு அதை நிறுத்திவிட்டுப் பெரியவர்களுக்கானதைத் தயாரிக்க ஆரம்பிக்கும். பிழை இருப்பது அந்தப் பெரியவர் ஹீமோகுளோபினில்.

சரி, அந்தப் பழைய கடையை மூடாமலே விட்டால்?

விடை அமெரிக்காவில் கிடைக்கவில்லை. பஹ்ரைனுக்கு எதிர்க்கரையில் கிடைத்தது. கடலைத் தாண்டினால் கிழக்கு சவூதி. அங்கே அராம்கோ எண்ணெய்க் கம்பெனியின் ஆஸ்பத்திரியில் பெர்ரைன் என்ற டாக்டர் ஒரு விநோதத்தைப் பார்த்தார். ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் அப்பட்டமான அரிவாள் நோய். ஆளோ எதிரே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பெரிதாக ஒரு தொந்தரவும் இல்லை! 1972-ல் இதை லான்செட்டில் எழுதினார். அவர்கள் உடம்பில் கருக்கால ஹீமோகுளோபின் வளர்ந்த பிறகும் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு நிமிடம் கூடலூர்வரை போய்வரலாம். இந்தியாவில் அரிவாள் அணு முதலில் கண்ணில் பட்டது நம் நீலகிரியில். 1952-ல் லேமனும் கட்புஷும் மலைப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் கண்டார்கள். பிற்பாடு மரபணுவைப் பிரித்துப் பார்த்தால், அந்தப் பிழையைச் சுற்றியுள்ள எழுத்து வரிசை ஆப்பிரிக்காவில் இருப்பதுபோல இல்லை. கிழக்கு அரேபியாவில் இருப்பதேதான். அதற்கு அரபு-இந்திய வகை என்றே பெயர். பஹ்ரைன் நோயாளிகளில் பெரும்பாலோருக்கும் அதே வகை. ஆக, ஈசா டவுன் பையனின் பிழையும் நீலகிரிப் பணியர் பழங்குடி வீட்டுப் பையனின் பிழையும் எங்கோ ஒரு பாட்டனிடம் போய்ச் சேர்கின்றன. ஈசா டவுன் என்றதும் இந்தியன் ஸ்கூலையும் பழைய சாமான் சந்தையையும் மட்டும் நினைக்கிற நம் ஆட்கள் இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

திரும்புவோம். பழைய கடையைப் பூட்டுவது யார்? 2008-ல் பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்கினின் ஆய்வுக்கூடத்தில் இருந்த இளைஞர் விஜய் சங்கரன் ஆளைப் பிடித்தார். பிசிஎல்11ஏ என்ற மரபணு. இதுதான் பூட்டு.

மனித மரபணுத் தொகுப்பை இருபத்துமூன்று தொகுதி கொண்ட புத்தகமாக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துப்பிழை இருப்பது பதினோராம் தொகுதியில். பூட்டு இருப்பது இரண்டாம் தொகுதியில். மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் கத்தரி கைக்கு வந்ததும் எல்லாரும் என்ன நினைத்தோம்? பிழையைத் திருத்துவார்கள் என்றுதானே? இல்லை. பிழையை அப்படியே விட்டுவிட்டார்கள். பூட்டை உடைத்தார்கள். பழைய கடை திறந்துகொண்டது.

2019 ஜூலை. அமெரிக்காவின் நாஷ்வில். விக்டோரியா கிரே என்ற நான்கு பிள்ளைகளின் தாய். டாக்டர் ஹைதர் ஃப்ராங்கூலின் கண்காணிப்பில், அவருடைய அணுக்களையே எடுத்து, கத்தரி போட்டு, அவருக்குள்ளேயே திருப்பிச் செலுத்தினார்கள். அமெரிக்காவில் இந்த நோய்க்குக் கத்தரியைச் சந்தித்த முதல் ஆள். வலி போயிற்று. பிறகு செய்த சோதனையில், முடிவு பார்க்க முடிந்த 31 பேரில் 29 பேருக்குத் தொடர்ந்து பன்னிரண்டு மாதம் கடும் வலி எட்டிப்பார்க்கவில்லை.

மருந்துக்குப் பெயர் காஸ்ஜெவி. 2023 நவம்பர் 16-ல் பிரிட்டன் அனுமதித்தது. அடுத்தது அமெரிக்கா என்றுதான் உலகம் காத்திருந்தது.

டிசம்பர் 2.

அனுமதித்தது பஹ்ரைன்.

அமெரிக்காவுக்கு ஆறு நாள் முன்னால்! மதுரை மாவட்டத்தின் கால்வாசிகூடத் தேறாத ஒரு தீவு. ஏன் இந்த அவசரம்? எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. இருபது வருடமாகப் பிறக்காதவர்களைக் காப்பாற்றிய நாடு, முதல்முறையாகப் பிறந்தவர்களிடம் வந்து நின்றது. அட்டையால் முடியாததைக் கத்தரி செய்யும் என்றதும் காத்திருக்க மனசு வரவில்லை. 2025-ல் பஹ்ரைன் புற்றுநோய் மையத்தில் முதல் சிக்லர் நோயாளிக்குச் சிகிச்சை வெற்றிகரமாக முடிந்தது. அமெரிக்காவுக்கு வெளியே இதுவே முதல் என்றது அறிவிப்பு.

இனி நம் பையன். எட்டு மாதத்தில் வீறிட்டவன். இப்போது கல்லூரி வயது. அவனையும் அப்படி ஓர் அறையில் உட்கார வைப்போம். (இவனும் ஒருவன் அல்ல. இனி வரப்போகிற பலர்.)

எதிரே டாக்டர். ஒப்புதல் படிவம். பக்கம் பக்கமாக.

"உன் எலும்பு மஜ்ஜையின் மூல அணுக்களை ரத்தத்துக்கு இழுத்து எடுப்போம். வெளிநாட்டுக்கு அனுப்புவோம். அங்கே கத்தரி போடுவார்கள். திரும்பி வர மாதக்கணக்காகும். வந்த பிறகு கீமோ கொடுத்து உன் பழைய மஜ்ஜையைக் காலி செய்வோம். பிறகு புதியதை ஏற்றுவோம்."

பையன் தலையாட்டினான். விலையும் அவனுக்குத் தெரியும். அமெரிக்கப் பட்டியல் விலை 22 லட்சம் டாலர். தினாரில் எட்டேகால் லட்சத்துக்கு மேல். ஒரு மனிதனின் ரத்தத்துக்கு இந்த விலை வைக்கும் உலகத்தைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. அதைத் தனி அத்தியாயமாக வைத்துக்கொள்கிறேன். இப்போதைக்கு ஒன்று: இந்தியாவில் டெல்லியின் ஐஜிஐபி நிறுவனம் 'பிர்சா 101' என்று சொந்தக் கத்தரி ஒன்றைச் செய்து 2025 நவம்பரில் அறிமுகம் செய்திருக்கிறது. பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் பெயர். பழங்குடி வீட்டுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கொண்டுவருவதுதான் நோக்கம்.

டாக்டர் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இன்னொரு விஷயம். அந்தக் கீமோ மருந்தால் பிற்பாடு குழந்தை பிறக்காமல் போகலாம். அதற்கு முன்பே உன் விந்தணுவை எடுத்து உறையவைத்துக்கொள்வது நல்லது."

"சரி."

"அதைக் கத்தரி தொட்டிருக்காது."

பையனுக்குப் புரியவில்லை. உங்களுக்கு?

கத்தரி போட்டது மஜ்ஜையில். ரத்தம் மாறும். வித்து மாறாது. உறைந்த குழாயில் இருப்பது அதே பழைய எழுத்துப்பிழை. குழாய் தேவைப்படாமல் இயல்பாகவே குழந்தை பிறந்தாலும் அதே கதைதான். அவன் எழுந்து ஓடலாம், குளிர்காலக் கடலில் குதித்து நீந்தலாம், சல்மானியா எந்தப் பக்கம் என்பதையே மறக்கலாம். அவன் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பிழையைக் கொடுத்தே தீருவான்.

இது கைமறதி இல்லை. வேண்டுமென்றே போட்ட வேலி. 2015-லிருந்து உலக விஞ்ஞானிகள் கூடிக்கூடிப் பேசி நிறுத்திய கோடு இது. ஒருவன் உடம்பை அவன் சம்மதத்தோடு மாற்றலாம். அந்த மாற்றம் அவனோடு முடிய வேண்டும். பிறக்காத பிள்ளையிடம், அதன் பிள்ளையிடம், அதன் பேரனிடம் யார் போய்ச் சம்மதம் வாங்குவது? கத்தரி தவறான இடத்தில் வெட்டிவிட்டால் ஒரு நோயாளியோடு போகாது, வம்சம் முழுக்க ஓடும். 2023 மார்ச்சில் லண்டனில் கூடிய உலக மாநாடு விக்டோரியா கிரேயை மேடையேற்றிக் கண்கலங்கக் கேட்டது. அதே மாநாடுதான், பரம்பரையாகப் போகும் திருத்தத்தை இப்போதைக்கு ஏற்கவே முடியாது என்றும் எழுதிவைத்தது.

எனக்கும் அந்தக் கோடு பிடிக்கும். பிடித்திருந்தது என்று சொல்ல வேண்டுமோ என்னமோ.

ஏனென்றால் அந்தப் பையன் குணமாகிறான். வேலைக்குப் போகிறான். ஒரு பெண்ணைப் பார்க்கிறான். எங்கே பார்த்திருப்பான் என்று நினைக்கிறீர்கள்? அதே வார்டில்தான். ஒரே வலியைப் பட்டவர்கள், ஒரே சிகிச்சையில் எழுந்தவர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வரும் வலியைப் பற்றி இந்த உலகத்தில் விளக்கம் சொல்லத் தேவையில்லாத ஒரே ஆள் அவள்தான். காதல் வராமல் என்ன செய்யும்?

நிக்காஹ் நிச்சயம். சட்டப்படி ரத்தப் பரிசோதனை. ஈசா டவுன்.

அதே சுகாதார நிலையம். இருபது வருடத்துக்கும் முன் அவன் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்த அதே நாற்காலிகள்.

இந்த ஒரு மணி நேரம் வரலாற்றில் இன்னும் நடந்ததாகப் பதிவில்லை. ஆனால் இந்தத் தொடரிலேயே மிக நிச்சயமாக நடக்கப்போகிற மணி நேரம் இதுதான். கத்தரியும் அட்டையும் ஒரே ஊரில் இருக்கும்போது, இவர்கள் இருவரும் ஒருநாள் இந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தே தீர வேண்டும்.

டாக்டரம்மா தாள்களைப் பார்க்கிறார். மறுபடி பார்க்கிறார்.

அவனுடைய பெற்றோருக்கு நாலில் ஒரு பங்கு என்று சொன்னார். இவர்களுக்கு அந்தக் கணக்கு கிடையாது. அவனிடம் இருக்கும் இரண்டு பிரதியிலும் பிழை. அவளிடம் இருக்கும் இரண்டிலும் பிழை. குலுக்க நல்ல சீட்டு ஒன்றுகூட இல்லை.

"உங்கள் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வரும்."

"நாங்கள்தான் குணமாகிவிட்டோமே?" என்கிறாள் அவள்.

என்ன சொல்வார் டாக்டரம்மா?

அவள் கெட்டிக்காரி. அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருக்கிறாள். சோதனைக்குழாய் முறையில் கருக்களை உருவாக்கி, பரிசோதித்து, நோயில்லாத கருவை மட்டும் வைக்கலாமே? நிறையப் பேர் செய்கிறார்களே? செய்கிறார்கள். அவனுடைய அப்பா அம்மா செய்திருக்கலாம். நாலில் மூன்று நல்லதாக இருந்திருக்கும். இவர்களுக்கு? பத்துக் கரு வைத்தாலும் பத்தும் நோய்க் கரு. பொறுக்கி எடுக்க ஒன்றுமில்லை.

மிச்சம் இருக்கும் வழிகளை டாக்டரம்மா ஒவ்வொன்றாகச் சொல்கிறார். கல்யாணத்தை விடலாம். பிள்ளையே வேண்டாமென்று இருக்கலாம். இன்னொருவரின் வித்தை வாங்குவதா? மார்க்கம் அனுமதிக்காது என்று அவன் முகமே சொல்லிவிடுகிறது. பிள்ளையைப் பெற்று, வலியில் வளர்த்து, வளர்ந்த பிறகு அதற்கும் கீமோ, அதற்கும் எட்டேகால் லட்சம் தினார் கத்தரி என்று போகலாம்.

"இல்லையென்றால்" என்கிறாள் அவள்.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்க்கிறார்.

"கருவாக இருக்கும்போதே அந்த ஓர் எழுத்தைத் திருத்திவிட்டால்?"

கோடு. அந்தக் கோட்டின் மேலேயே வந்து நின்றுவிட்டாள்.

இதைத்தான் இத்தனை வாரமாகச் சொல்லவந்தேன். கருவைத் திருத்துவது கூடாது என்று மேடையில் சொல்வது சுலபம். நானே சொல்லியிருக்கிறேன். நீலக்கண் பிள்ளை கேட்கும் பணக்காரனை மனசில் வைத்துக்கொண்டு சொல்வோம். எதிரே உட்கார்ந்திருப்பது அவன் இல்லை. பிழையைச் சுமந்து, வலியைத் தின்று, விஞ்ஞானம் சொன்ன அத்தனையையும் செய்து முடித்த இரண்டு பேர். அவர்களைக் குணப்படுத்திய அதே கத்தரியை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டக் கேட்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து டாக்டரம்மா 'கூடாது' என்று சொல்ல வேண்டும். அன்று பெற்றோரிடம் சொல்ல அதிகாரம் இல்லாத அதே வார்த்தை. இன்று அந்த ஒரு வார்த்தையைத் தவிர அவரிடம் வேறு இல்லை.

சொன்னாரா?

இப்போதைக்கு அறைக்கதவைச் சாத்திவிட்டு வெளியே வருவோம். ஏனென்றால் டாக்டரம்மாவின் வாயை அடைத்தவன் ஒருவன் இருக்கிறான். இந்த ஜோடி அங்கே வருவதற்கு வெகு முன்பே, அந்தக் கோட்டை அழித்துவிட்டுத் தாண்டியவன். அவன் தாண்டியது இப்படிப்பட்ட ஒரு ஜோடிக்காகவா என்றால், அதுதான் கொடுமை. வேறு வழியே இல்லாதவர்களுக்காக அவன் தாண்டவில்லை. வேறு வழி இருந்தவர்களுக்காகத் தாண்டினான். நோயே இல்லாத கருவைத் தொட்டான். இரட்டைப் பெண்கள் பிறந்துவிட்டார்கள்.

2018 நவம்பர் 28. ஹாங்காங் பல்கலைக்கழக அரங்கம். நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள். சுவரோரம் காமிராக்கள். மேடையில் ராபின் லவல்-பேட்ஜ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி மைக்கைப் பிடித்துக்கொண்டு, பேச வருபவரைப் பேச விடுங்கள் என்று கூட்டத்திடம் கேட்டுக்கொள்கிறார். பெயரை அறிவிக்கிறார்.

ஹீ ஜியான்குய்.

அரங்கம் முழுக்கத் திரும்புகிறது.

யாரும் வரவில்லை.

(தொடரும்)